ஒன்பதாம் பெட்டி மட்டும் பச்சை

பன்னிரண்டு பெட்டிகளில் பதினொன்று செத்துவிட்டதாக நாடிமானி சொன்னது.

செண்பகவல்லி நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவி இரண்டு ஆண்டுகளாக அவளோடு ஊர் ஊராக அலைகிறது. பேருந்து அச்சு, ராட்டினத்தின் ஆரம், ஆலை கிரேனின் கொக்கி என்று எதில் வைத்தாலும் ஒரு பதில் சொல்லும். பச்சை என்றால் ஓடலாம். சிவப்பு என்றால் அந்த நிமிடமே சென்னையிலிருந்து பூட்டு விழுந்துவிடும். அப்புறம் ஆய்வாளரின் கட்டைவிரல் ரேகை படாமல் அந்த வண்டியை முதலமைச்சரே வந்து தள்ளினாலும் நகராது. உலோக நலச் சட்டம் அப்படி.

அவள் போகிற ஊர்களில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சிவப்பம்மா. டீக்கடையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகும். ஒரு ராட்டினக்காரர் அவளைப் பார்த்து ஒன்றும் பேசாமல், பூட்டு விழுந்த ராட்டினத்தில் தன் மனைவியை உட்காரவைத்துவிட்டுப் பேருந்து ஏறிப் போயிருக்கிறார். கோவில்பட்டியிலிருந்து அம்மா போனில் கேட்பாள்: "இன்னைக்கு யார் வயித்துல அடிச்ச?"

"அடிக்கலைம்மா. யார் தலையிலயும் எதுவும் விழாமப் பாத்துக்கிட்டேன்."

இன்று ஊசிமேடு. மலைமேல் வரிசை வரிசையான லைன் வீடுகளோடு ஒரு தேயிலைக் குடியிருப்பு, அடிவாரத்தில் ஒரு ரோப் கார் நிலையம், நடுவில் மேகம். சட்டம் வந்த பிறகு இந்த நிலையத்துக்கு இதுதான் முதல் சோதனை.

"பதினொண்ணுமேங்களா அம்மிணி?" என்றார் நிலைய ஃபோர்மேன் நாச்சிமுத்து. ஐம்பது வயது, காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். கேள்வியில் கோபம் இல்லை. இழவு வீட்டில் வயது கேட்கிற குரல்.

"பதினொண்ணும், அண்ணாச்சி. ஒன்பதாம் நம்பர் மட்டும் பச்சை."

"வெட்டிப் பாக்கோணும், ஒடைச்சுப் பாக்கோணும்னு ஒண்ணுமில்லீங்களா? சும்மா தடவுனாவே தெரிஞ்சுருதுங்களா?"

"இரும்பு மேல ஒரு பொடி அலையை ஓட விடும். நல்ல இரும்புன்னா அலை வழுக்கிட்டு வந்துரும். அலுத்த இரும்புன்னா தடுக்கித் தடுக்கி வரும். தெனம் ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, தோல் அலுத்துப் போகும், அண்ணாச்சி. நம்ம கண்ணுக்குப் பளபளன்னுதான் தெரியும். அப்புறம் ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம ரெண்டா விட்டுரும்."

அவள் தடவிப் பார்த்தது கொடுக்குகளை. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் நண்டின் கொடுக்கு போல ஓர் இரும்புத் தாடை இருக்கும். ஓடுகிற கம்பிவடத்தை அது கவ்வினால் பெட்டி கிளம்பும், விட்டால் நிற்கும். அந்தரத்தில் பெட்டிக்கும் பாதாளத்துக்கும் நடுவில் இருப்பது அந்தக் கவ்வல் ஒன்றுதான். அதன் பல்லில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதிப்புத்தகம். பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

பச்சை வாங்கிய ஒன்பதாம் பெட்டி, கேஸ் சிலிண்டர்களும் அரிசி மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு முற்பகலிலேயே மேலே போய்விட்டது. மற்ற பதினொன்றும் கொட்டகையில் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சிவப்பு விளக்கோடு.

மதியம் மழை வலுத்தது. செண்பகவல்லி ஜீப்புக்குச் சொல்லிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மலை ஒரு தடவை இருமியது.

இருமல்தான். அப்புறம் நீளமாக ஒரு சத்தம், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. நாச்சிமுத்துவின் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி அலறியது.

"அடிவாரம், அடிவாரம். ரோஸ்லின் பேசுறேன். ரோடு போயிருச்சுண்ணே. ஏழாவது வளைவுக்குக் கீழ ரோடே இல்ல. லைன் வீட்டுக்குப் பின்னாடி மண்ணு பொளந்துகிட்டு நிக்குது. கை நுழையிற அகலம் இருக்கு. எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். பெட்டிய அனுப்புங்க."

ரோஸ்லின் மேல் நிலையத்தில் பெட்டிகளை இயக்குபவள். செண்பகவல்லி அவளை இதுவரை பார்த்ததில்லை. நாச்சிமுத்து பட்டனை அழுத்தினார். பேசாமல் செண்பகவல்லியைப் பார்த்தார்.

"அண்ணே? கேக்குதா? முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க. பிள்ளைங்க, நாலு மாசம், ஏழு மாசம்னு கர்ப்பிணிங்க. பெட்டிய விடுங்கண்ணே."

"கேக்குதும்மா. பொட்டியெல்லாம் பூட்டிப் போட்டாங்க."

"யாரு?"

"செக்கிங் மேடம்."

பிறகு ரோஸ்லின் குரல், இந்தத் தடவை மெதுவாக. "அந்த மேடம் பக்கத்துல இருந்தா ஒண்ணு சொல்லுங்க. நாங்க மண்ணுல புதைஞ்சா அது மண்ணு செஞ்ச கொலை, அவங்களுக்குக் கேஸ் வராது. நல்ல வேலைதான்."

செண்பகவல்லி சென்னையைக் கூப்பிட்டாள்.

உலோக நலத் துறையின் இயக்குநர் ரங்கபாஷ்யம் கெட்டவர் இல்லை. சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அறுந்து விழுந்த பெட்டிகளின் படங்களைத் தன் அறையில் மாட்டி வைத்திருப்பவர். சட்டம் வந்த பிறகு அந்தச் சுவரில் புதுப் படம் ஏறவில்லை. அது அவருடைய பெருமை.

"ஹெலிகாப்டர் கேட்டாச்சு செண்பகா. இந்த மேகத்துல ஏற மாட்டேங்கறான். காலையிலதான்னு சொல்றான்."

"காலை வரைக்கும் அந்த மலை நிக்காது சார்."

"ஒன்பது பச்சைதானே? ஒன்பதை ஓட்டுங்கோ. எட்டு எட்டு பேரா இறக்கலாம். லேட் ஆகும், ஆனா சட்டப்படி சரி. மேல இருக்கற பொண்ணை லைன்ல போடுங்கோ, நானே சொல்றேன்."

செண்பகவல்லி போனை வாக்கி டாக்கியோடு ஒட்டிப் பிடித்தாள். அவர் சொன்னார். "குழந்தைகளை முதல்ல ஏத்தும்மா. ஒன்பதாம் பெட்டி முழு ஆரோக்கியம். நான் பொறுப்பு."

"ஏத்துறேன் சார்," என்றாள் ரோஸ்லின். "ஒரு மனுசனாவது மனுசன் மாதிரி பேசுறீங்களே."

நாச்சிமுத்து மோட்டார் அறைக்கு நகர்ந்தார். பிரச்னை தீர்ந்துவிட்டது. பூட்டைத் திறக்கச் செண்பகவல்லியின் கட்டைவிரலுக்கு இனி வேலை இல்லை. ஆனால் அவள் நாடிமானியின் திரையைப் பார்த்தபடியே நின்றாள்.

பதினொரு சிவப்பும் ஒரே சிவப்பாக இருந்தன.

காலையிலேயே அது உறுத்தியிருக்க வேண்டும். இரும்பு அலுத்துப் போவதில் ஒன்று முன்னே இருக்கும், ஒன்று பின்னே இருக்கும். ஒரு தெருவில் பதினொரு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே டிகிரி காய்ச்சல் வருமா?

"அண்ணாச்சி, இந்தப் பன்னெண்டாம் பெட்டி எப்ப வந்துச்சு?"

"ஆடி மாசந்தானுங்க. பொண்ணு மாதிரி இருக்கும்."

"ஒண்ணாம் பெட்டி?"

"அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே இருக்குதுங்க."

திரையில் இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவு. "இன்னும் மோட்டாரைப் போடாதீங்க. வண்டியில மாட்டாத புதுக் கொடுக்கு ஒண்ணு இருக்கா?"

"ஸ்பேர் இருக்குதுங்க. கம்பிய மோந்துகூடப் பாக்காதது."

ஸ்டோர் ரூம் அலமாரியிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய் மினுமினுப்பு. ஒருநாள்கூட ஓடாத இரும்பு. செண்பகவல்லி அதன் பல்லில் நாடிமானியை வைத்தாள்.

சிவப்பு.

இருவரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்தார்கள்.

"ஓடாத கொடுக்குக்கு எப்படி அண்ணாச்சி அலுப்பு வரும்?"

"அதானுங்களே."

அவள் டார்ச்சைப் பல் இடுக்கில் அடித்தாள். பற்களின் மேல் பிறை பிறையாக மங்கல். எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மங்கல். இடுக்கில் குங்குமத் தூசி. அதோடு ஒட்டிக் காய்ந்து ஏதோ ஒன்று. நகத்தால் நெம்பி உள்ளங்கையில் போட்டாள்.

"இது என்ன?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். "எலுமிச்சங்கொட்டைங்க."

"கொடுக்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

"ஆயுத பூசைக்குங்க," என்றார் அவர், இதென்ன கேள்வி என்பது போல. "லாரிக்காரங்க சக்கரத்துக்கடியில வெப்பாங்க. நம்முளுக்குத் தரையில ஓடற சக்கரம் இல்லீங்களே. அதனால கொடுக்கு வாய்க்கு ஒரு பழம். கவ்வக் குடுத்து, சாறு வடிய வடிய உட்டுருவமுங்க. மறுநாக் காத்தால மறுபூசை போட்டுத்தான் எடுக்கறது. அதுவரைக்கும் தொடப்படாது."

"ராத்திரி முழுக்கவா?"

"முழுக்கத்தானுங்க. அப்பறம் தொடைச்சு, எண்ணெய் போட்டு, சுத்தபத்தமா..."

"ஸ்பேருக்குமா?"

"அதுக்கு மட்டும் வெக்காம உட்டா கோவிச்சுக்காதுங்களா?"

செண்பகவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. "புளிப்பு தோலை அரிச்சிருக்கு, அண்ணாச்சி. மயிரிழையில நூறுல ஒரு பங்கு இருக்கும். ஒரு கொடுக்கும் அதால முறியாது. ஆனா நாடிமானி பாக்குறதே தோலைத்தான். அலை தடுக்குது, உடனே அலுப்புன்னு சொல்லிருச்சு. அதுக்கு அலுப்பும் தெரியும், நல்ல இரும்பும் தெரியும். எலுமிச்சம்பழம் தெரியாது. அதைச் செஞ்ச ஊர்ல கொடுக்குக்குப் பழம் கொடுக்கிற பழக்கம் இல்ல."

"அப்ப நம்ம பொட்டிகளுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"தெரியாது. பல்லு சொல்றதை இனி நம்ப முடியாது. வேற இடத்துல கேக்கணும்." அவள் எழுந்தாள். "ஒரு மரக்கிளையில ஏறி நின்னா எங்க முறியும்? நுனியிலயா?"

"கவட்டையிலங்க."

"இதுக்குக் கவட்டை எது?"

அவர் கொடுக்கைத் திருப்பி, தாடை வளைகிற உள்பக்கத்தைக் காட்டினார். "கக்கம்னு சொல்லுவமுங்க. பழச்சாறு இங்க எட்டாதுங்க. பல்லுல இருந்து நேராக் கீழ சொட்டிரும்."

ஸ்பேரின் கக்கத்தில் வைத்தாள். பச்சை. கொட்டகைக்கு ஓடினாள். நாச்சிமுத்து ஏணியைப் பிடிக்க, ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஏறிக் கையை உள்ளே விட்டுத் தடவினாள். பன்னிரண்டாம் பெட்டி பச்சை. பத்தாம் பெட்டி பச்சை. பழைய ஒன்றாம் பெட்டி மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை. வயசானவர், ஆனால் திடகாத்திரம். பதினொன்றும் பிழைத்துவிட்டன.

ஏணியின் உச்சியில் நின்றபடியே அவளுக்கு அடுத்த கேள்வி வந்தது.

"அண்ணாச்சி. ஒன்பது மட்டும் ஏன் காலையில பச்சை காட்டுச்சு?"

"பழம் வெக்கலீங்க அதுக்கு."

"ஏன் வெக்கல?"

"அது இங்க இருந்தாத்தானுங்களே வெக்கறது. சீட்டையெல்லாம் கழட்டிட்டு லோடு வண்டியா ஓட்டறாரு குத்தகைக்காரரு. பூசை அன்னிக்கும் சிமெண்ட் மூட்டை ஏத்தி உட்டுட்டாரு. நாங்க எவ்வளவோ சொன்னமுங்க, ஒருநாளாச்சும் உடுங்கன்னு. எட்டு ஆள் கணக்குன்னா அதுல பதினாறு ஆள் பாரம் ஏத்துவாரு. தீவாளிக்கும் ஓடும், பொங்கலுக்கும் ஓடும். அதுக்கேதுங்க லீவு."

பூஜைக்குக்கூட லீவு இல்லாத பெட்டி. அதனால் பழம் இல்லை. பழம் இல்லாததால் பல்லில் கறை இல்லை. கறை இல்லாததால் பச்சை. மலையில் இருக்கிற பன்னிரண்டில் மிகவும் அலுத்துப் போயிருக்க வேண்டிய பெட்டிக்குத்தான் முழு ஆரோக்கியம் என்று அவள் கையால் சான்று கொடுத்திருக்கிறாள். அதில்தான் இப்போது குழந்தைகளை ஏற்றுகிறார்கள்.

அவள் ஏணியிலிருந்து குதித்து இறங்கினாள். வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள்.

"ரோஸ்லின், நான் செண்பகவல்லி. ஒன்பதை அனுப்பாதீங்க."

"பிள்ளைங்க ஏறி உக்காந்தாச்சு மேடம். மோட்டாரைப் போடச் சொல்லுங்க."

"அது சரியில்ல. இறக்கிருங்க."

"காலையில நீங்கதான பச்சைன்னீங்க?"

"ஆமா. தப்பா இருக்கலாம்."

"இங்க பாருங்க மேடம்." குரலில் அழுகையும் ஏளனமும் சரிபாதி. "சிவப்புன்னாலும் நிக்கணும், பச்சைன்னாலும் நிக்கணுமா? அப்ப எதுக்குத்தான் உங்க மிசினு? லைன் வீட்டுல நாலாவது வீட்டுச் சுவரு இப்பத்தான் சாஞ்சுது. நான் என் கண்ணால பாத்தேன்."

"நான் மேல வாரேன். மத்த பதினொண்ணும் நல்லாருக்கு. அதுல ஒண்ணுல ஏறி வாரேன். வந்து ஒன்பதைப் பாக்கேன். அதுவரைக்கும் மட்டும்."

போனில் ரங்கபாஷ்யத்தின் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. "செண்பகா, நன்னா யோசிச்சுக்கோ. சிவப்பைத் திறக்க உன் கட்டைவிரல் போறும். ஏதாவது ஆச்சுன்னா உள்ள போறதுக்கும் அதே விரல்தான். நான் உன்னைக் காப்பாத்த முடியாது. பச்சை காட்டின ஒன்பதை இங்கேர்ந்து பூட்டவும் முடியாது."

"ஓடாத ஸ்பேருக்கும் சிவப்பு காட்டுது சார். இதைவிட என்ன சார் வேணும்?"

அவர் அந்த வாக்கியத்தை மெல்ல விழுங்குவது கேட்டது. "ஓடாததுக்கா?"

"ஓடாததுக்கு."

அவள் பன்னிரண்டாம் பெட்டியின் பூட்டுத் தகட்டில் கட்டைவிரலை வைத்தாள். நெற்றி விளக்கு அணைந்தது.

நாச்சிமுத்து மோட்டார் கைப்பிடியில் கை வைத்துவிட்டு எடுத்தார். "ஒரு சிக்கல் இருக்குதுங்க அம்மிணி. உங்களைத் தூக்கோணும்னா வடம் ஓடோணும். வடம் ஓடுனா மேலயும்தான் ஓடும். ரோஸ்லின் புள்ள லிவரை ஒரு இழுப்பு இழுத்தா ஒம்பது கவ்விட்டுக் கெளம்பிரும். இங்கிருந்து என்னால நிறுத்த முடியாதுங்க. வடத்தை நிறுத்துனா நீங்களும் அந்தரத்துல நிப்பீங்க."

மேலே ரோஸ்லின் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். செண்பகவல்லியின் விரல் வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தியபடியே இருந்தது.

"ரோஸ்லின்," என்றாள் செண்பகவல்லி. "நான் வந்து சேர்ற வரைக்கும் லிவரைத் தொடாதீங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் விரலை எடுத்ததும் மேலே யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்பது கேட்டது. வாக்கி டாக்கி அணைந்தது.

"போடுங்க அண்ணாச்சி."

கொடுக்கு வடத்தைக் கவ்வியது. பெட்டி ஒரு குலுக்கலோடு கொட்டகையை விட்டு வெளியேறியது. தரை கழன்று போயிற்று. காற்று பெட்டியைத் தாலாட்டவில்லை, அடித்தது. மழை கண்ணாடியில் சரளை வீசியது. ஒவ்வொரு கோபுரத்தைத் தாண்டும்போதும் தலைக்கு மேல் கடகடவென்று ஓர் எலும்பு உருளும் சத்தம். சிவப்பு கொடுத்த பெட்டியில் தானே ஏறிய முதல் ஆய்வாளர் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

மேலே போகும் வடத்துக்குப் பக்கத்திலேயே கீழே வரும் வடம். அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. ரோஸ்லின் லிவரை இழுத்திருந்தால், பாதி வழியில் ஒன்பதாம் பெட்டி மேகத்திலிருந்து வெளிப்பட்டு அவளைக் கடந்து போகும். உள்ளே எட்டு முகங்கள் தெரியும். அவளால் கை அசைக்க மட்டும் முடியும்.

நடுக் கோபுரம் வந்தது. எதிர் வடம் காலி. மேக வெள்ளையில் ஏதோ கருப்பாகத் திரண்டது, ஒரு சில்வர் ஓக் மரத்தின் தலை. மறுபடி காலி. கடைசிக் கோபுரமும் போயிற்று. காலி.

மேல் நிலையத்தில் பெட்டி முட்டி நின்றபோது ஒருத்தி லிவரின் முன்னால் நின்றிருந்தாள். ஒல்லி உடம்பு, மழைக்கோட்டு, கழுத்தில் ஒரு சிலுவை டாலர். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக் கட்டியிருந்தாள், கை தானாகப் போய் இழுத்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி. பின்னால் ஒன்பதாம் பெட்டி. அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு அதன் தரையில் எட்டுக் குழந்தைகள். நிலையம் முழுக்க ஜனம்.

"சீக்கிரம் பாருங்க," என்றாள் ரோஸ்லின்.

செண்பகவல்லி பெட்டியின் தலையில் ஏறிக் கக்கத்துக்குள் நாடிமானியை விட்டாள். பச்சை வரவில்லை. மஞ்சளும் வரவில்லை. கருவி ஒருகணம் திக்கி, அவள் இதுவரை எந்த இரும்பிலும் பார்க்காத அடர் சிவப்பைக் காட்டியது. டார்ச் அடித்தாள். வளைவின் ஆழத்தில், பேனாக் கோடு மாதிரி ஒரு கோடு. பெட்டிக்குள் குழந்தைகள் இடம் மாறி உட்கார்ந்தபோது அந்தக் கோடு லேசாகத் திறந்து மூடியது.

"பிள்ளைங்களை இறக்குங்க," என்றாள். "ஒவ்வொருத்தரா. அசைக்காம."

ரோஸ்லின் ஏறி வந்து கோட்டைப் பார்த்தாள். கீழே இறங்கி, கடைசியில் உட்கார்ந்திருந்த இரட்டைச் சடைக்காரியை முதலில் தூக்கினாள். எட்டாவது குழந்தை இறங்கியதும் செண்பகவல்லி பக்கம் திரும்பினாள்.

"எதுல ஏத்தணும்?"

"நான் வந்ததுல."

"அது சிவப்பாச்சே?"

"சிவப்புதான். ஏத்துங்க."

செண்பகவல்லி இடது கையில் போனும் வலது கையில் ரோஸ்லினின் வாக்கி டாக்கியுமாக நின்றாள். "அண்ணாச்சி, மிச்சப் பத்தையும் மாட்டுங்க. சார், என் கைரேகையைப் போன்லயே அனுப்புதேன். பத்துப் பூட்டையும் திறந்து விடுங்க. ஒன்பது மட்டும் பூட்டுலயே இருக்கட்டும்."

ரங்கபாஷ்யத்திடம் அவள் போனில் எடுத்து அனுப்பிய விரிசல் படம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாதம் எதுவும் இல்லை. "திறந்தாச்சு," என்றார். பிறகு, "நான் அந்தப் பொண்ணுகிட்ட முழு ஆரோக்கியம்னு சொன்னேன்," என்றார் யாரிடமோ போல.

அதற்குப் பிறகு ஊசிமேட்டில் நடந்ததை அந்த மக்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். நெற்றி விளக்கு அணைந்த பெட்டிகள் மேகத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வாய் திறந்தன, நிறைந்தன, போயின. கர்ப்பிணிகள், பிள்ளைகள், கோழிக்கூடையை விடமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு கிழவர், டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து ரோஸ்லினிடம் திட்டு வாங்கிய ஒரு புது மாப்பிள்ளை. "டிவிய விட்டுட்டுப் பொண்டாட்டியக் கட்டிப் பிடிய்யா. அதுவும் படம் காட்டும்." பயத்தில் உறைந்திருந்த கூட்டம் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தது. கீழே நாச்சிமுத்து ஒவ்வொரு பெட்டி வந்து சேரும்போதும் வாக்கி டாக்கியில் "வந்தாச்சு" என்றார். மேலே எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "வந்தாச்சு." "வந்தாச்சு." தேர் நிலைக்கு வந்த மாதிரி ஒவ்வொரு தடவையும் ஓர் ஆரவாரம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நிலையத்தில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"ஒரு ஸ்பேனர் கிடைக்குமா?" என்றாள் செண்பகவல்லி.

"இப்ப எதுக்கு?"

"ஒன்பதோட கொடுக்கைக் கழட்டணும். இதைப் பாக்காம யாரும் நம்ப மாட்டாங்க."

இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். ரோஸ்லின் அதைத் தன் மழைக்கோட்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். கடைசிப் பெட்டி இரண்டாவது கோபுரத்தைத் தாண்டும்போது பின்னால் மலை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. லைன் வீடுகளின் தகரக் கூரைகள் வரிசையாகச் சரிந்து இறங்கின. உள்ளே ஒரு நாய்கூட இல்லை.

"வந்தாச்சு," என்றார் நாச்சிமுத்து, இந்தத் தடவை வாக்கி டாக்கி இல்லாமல்.

கொட்டகையில் ஈரத் துணிகளோடு ஊரே உட்கார்ந்திருந்தது. பெரிய அண்டாவில் ரவை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கொடுக்கைப் பட்டறைப் பிரஸ்ஸில் மாட்டினார். செண்பகவல்லி போனை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தாள், திரையில் ரங்கபாஷ்யம். பாரத்தை மெல்ல ஏற்றினார் நாச்சிமுத்து. முள் நகர்ந்தது. காலிப் பெட்டியின் பாரம் தாங்கியது. அதற்குமேல் ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று...

கொடுக்கு பெரிதாகச் சத்தம் போடவில்லை. முறுக்கு உடைவது போல் ஒரு 'டக்'. இரண்டாக நின்றது. உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பு, பழைய உடைவு. மிச்சம் வெள்ளி போலப் புதியது. காலையில் ஏறிய லோடு விரிசலைக் கடைசி இழை வரை கொண்டுவந்து விட்டிருந்தது.

இரட்டைச் சடைக்காரியின் அம்மா எழுந்து வந்து செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செண்பகவல்லியைப் பார்த்து ஓர் ஊர் பெஞ்சை விட்டு எழுந்து போகாமல், அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது அன்றுதான்.

ரங்கபாஷ்யம் தொண்டையைச் செருமினார். "நாளைக்கே எல்லா நிலையத்துக்கும் சர்க்குலர் போடறேன். பல்லோட சேர்த்துக் கக்கத்தையும் பாக்கணும். அப்புறம் இந்த எலுமிச்சம்பழம், அதுக்கு ஒரு தடை..."

நாச்சிமுத்துவின் முகம் விழுந்தது.

"பழம் இருக்கட்டும் சார்," என்றாள் செண்பகவல்லி. "வெச்சதும் துடைச்சுட்டாப் போதும். அதைவிட முக்கியமா ஒண்ணு சேருங்க. எந்த ஊருக்குப் போனாலும் நாடிமானியை எடுக்கிறதுக்கு முந்தி ஆய்வாளர் ஒரு கேள்வி கேக்கணும். பூஜைக்குக்கூட லீவு இல்லாம ஓடுனது எது? அதை முதல்ல பாக்கணும்."

அவர் எழுதிக்கொள்வது தெரிந்தது. "லீவு இல்லாம... ஓடினது... எது."

உப்புமாத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் தலையைத் தூக்கினாள்.

"மேடம், பூசை அன்னைக்கு ஒன்பது தனியா ஓடல. மேல லிவரைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் நின்னேன். பொங்கலுக்கும் நான்தான், கிறிஸ்துமஸுக்கும் நான்தான். பதிமூணு வருசமாச்சு." எண்ணெய் படிந்த வலது கையை நீட்டினாள். "அப்படியே இதையும் கொஞ்சம் தடவிப் பாத்துச் சொல்லுங்களேன்."

ஊர் சிரித்தது. ரோஸ்லினும் சிரித்தாள். செண்பகவல்லி மட்டும் சிரிக்காமல் போனை அவள் பக்கம் திருப்பினாள்.

"சார், எழுதுறதை நிறுத்திராதீங்க. இன்னும் ஒருத்தர் இருக்காங்க. பேர் ரோஸ்லின்."